பதிவின் மூலம் பாதுகாப்பு

நெதர் ஸ்டோக்லி கிராமத்தில் ஒரு கழுதைக்கு மேய இடம் வேண்டியிருந்தது. விஷயம் அவ்வளவுதான். இந்த அற்ப விஷயத்தில் மாவட்ட நிர்வாகமும், வீடு கட்டும் கம்பெனி ஒன்றும், தொல்லியலில் முனைவர் பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவரும் தலையிட்டு, எல்லாவற்றையும் சட்டப்படி, முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

கழுதையின் பெயர் மேயர். அவனை வளர்த்த எட்னா டக்வெல், பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்றே காலம் போக்கியவள். ஊரில் பாதிப் பேர் அவள் அள்ளிப் போட்ட மசித்த உருளைக்கிழங்கில் வளர்ந்தவர்கள். கணவன் ரான் போய்ச் சேர்ந்த வருஷம், கடற்கரையில் பிள்ளைகளை முதுகில் சுமந்து சவாரி கொடுத்த கழுதை ஒன்றை, வயதாகிவிட்டது என்று சொந்தக்காரன் கழித்துக்கட்டப் போகிறான் எனக் கேள்விப்பட்டாள். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தாள். வரும்போது வேனில் கழுதையோடு வந்தாள். அதன் கழுத்தில் பித்தளைச் சங்கிலி ஒன்று கிடந்தது, விசேஷ நாட்களில் நகர மேயர் போட்டுக்கொண்டு நிற்பாரே, அது மாதிரியே. அதனால் அந்தப் பெயர். நமக்கு அது இன்னும் பொருத்தம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மேய்கிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது?

மேயர் மேய்ந்தது லாங்கிராஃப்ட் என்ற புல்வெளியில். அதன் சொந்தக்காரர் கிழவர் ஹார்பாட்டில், "கழுதை திங்கிறதுல என் புல் என்ன தீந்தா போயிரும்?" என்று சொல்லி விட்டுவிட்டார். கிழவர் செத்தார். லண்டனிலிருந்த மருமகன் வந்து புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, செருப்பில் ஒட்டிய சாணியைத் துடைத்துவிட்டு, விதர்லோ ஹோம்ஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் வேலிக் கதவில் ஒரு அறிவிப்பு தொங்கியது. லாங்கிராஃப்டில் நூற்றுச் சொச்சம் வீடுகள் வரப்போகின்றன.

எட்னா அதை இரண்டு தரம் படித்தாள். ஒருமுறை வெள்ளத்தின்போது மேயரைப் பக்கத்து ஊர்ப் பண்ணையில் கொண்டுபோய் விட்டதில், அவன் தீனியைத் தொடாமல் சுவரைப் பார்த்து நின்று, சாகக் கிடந்து பிழைத்தவன். மிருக வைத்தியர் அப்போதே சொல்லிவிட்டார்: "இந்த வயசுல இடம் மாத்தினா தீனிய விட்டுருவான். கழுதை தீனிய விட்டா அதோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க." வயதான கழுதைகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகத்துக்கும் போன் போட்டுப் பார்த்தாள். அவர்களும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள்.

அவளுக்குத் தைரியம் சொன்னது பெரில் கிரிச்லோ. ஒன்றாகப் பள்ளியில் படித்தவள், இப்போது கிராம வரலாற்றுச் சங்கத்தின் தலைவி.

"அடியே, எதுக்கு மூக்கச் சிந்துற? கட்டுறதுக்கு முன்னாடி தொல்லியல்காரங்க வந்து தோண்டிப் பாத்தாகணும். சட்டம் அது. பழசா எதாவது ஆப்டுச்சுன்னு வை, பெரிய ரகளையாயிரும்."

"எவ்ளோ பழசா இருக்கணும்? நான் போதுமா?"

"உன்னத் தோண்டி எடுக்க வேண்டியதில்லையே, நீதான் மேலயே நடமாடிட்டு இருக்கியே! ஒரு காலத்துல இங்க ஆண்டானே, அந்த ரோமானியன் எவனாவது மண்ணுக்குள்ள உக்காந்திருந்தா நல்லாருக்கும்."

அன்றிலிருந்து எட்னா ரோமானியர்களுக்காகப் பிரார்த்திக்கத் தொடங்கினாள். அதுவரை அவர்களைப் பற்றி அவளுக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை.

முதலில் நடந்தது மேசை மதிப்பீடு. பெயருக்கேற்றபடி அது மேசையிலேயே நடந்தது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து பழைய வரைபடங்களைப் பார்த்து, லாங்கிராஃப்டில் இதுவரை எதுவும் கிடைத்ததில்லை என்று கண்டுபிடித்தார். எதுவும் கிடைக்காததற்குக் காரணம் யாரும் தேடாதது. யாரும் தேடாததால் எதுவும் இருக்கலாம். ஆகவே லாங்கிராஃப்டுக்கு 'மிதமான சாத்தியம்' உண்டு. இந்த முடிவுக்கு வர அவருக்கு எண்பது பக்கம் தேவைப்பட்டது. அதில் மேயரைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'தற்போதைய பயன்பாடு: இல்லை.'

"இல்லையாம்டா உன்ன," என்று எட்னா மேயரிடம் சொன்னாள். அவன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தான்.

அடுத்து வந்தவன் டெரக் ஸ்பூனர். தோண்டும் குழுவின் தலைவன். ஐம்பது வயது, தாடி, முழங்காலில் கிழிந்த கால்சட்டை, எப்போதும் பசி. மண்ணுக்குள் இருப்பதை மேலிருந்தே படம் பிடிக்கும் காந்தக் கருவியைச் சட்டத்தில் மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு, புல்வெளியில் மேலும் கீழும் நடந்தான். உடம்பில் ஒரு துளி இரும்பு இருக்கக் கூடாது என்பதால் கால்சட்டையை நாடாவால் கட்டியிருந்தான். வேடிக்கை பார்க்கப் போன எட்னாவை எட்டவே நிறுத்தினான்.

"அம்மா, அங்கயே நில்லுங்க! தலையில ஊசி கீசி குத்தியிருக்கீங்களா?"

"கொண்டை ஊசிதான்."

"கழட்டிருங்க. வேற எங்கயாவது இரும்பு?"

"இருக்கு. அதையெல்லாம் இங்க கழட்ட முடியாது தம்பி," என்று சொல்லிவிட்டு எட்னா வேலிக்கு வெளியே போய் நின்றாள்.

படத்தில், புல்வெளியின் நடுவே, அழகான ஒரு வட்டம் விழுந்திருந்தது. ஸ்பூனர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெண்கலக் காலத்துச் சமாதியாக இருக்கலாம், சடங்கு நடந்த இடமாக இருக்கலாம் என்றான். இவர்களுக்கு ஒன்று என்னவென்று புரியாவிட்டால் அது சடங்கு. எட்னாவுக்கு அந்த வட்டம் நன்றாகத் தெரியும். முதல் சில வருஷங்கள் மேயரை நடுவில் ஒரு முளையில் கட்டிப்போட்டிருந்தாள். அவன் கயிறு எட்டிய மட்டும் சுற்றிச் சுற்றி நடந்து தரையை இறுக்கியிருந்தான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வெண்கலக் காலத்தால் மேயருக்கு நல்லது நடக்குமென்றால் நடுவில் புகுந்து கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"ஏதாவது கெடச்சா என்ன ஆகும் டெரக்?" என்று கேட்டாள், எலுமிச்சை கேக் துண்டை நீட்டியபடி.

"கெடச்சா பாதுகாப்போம். அதுக்குத்தானே நாங்க இருக்கோம்," என்றான் வாய் நிறைய.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எட்னாவுக்கு உயிர் வந்தது. மறுநாளிலிருந்து குழுவுக்குத் தினமும் கேக், தேநீர். மழை வந்தால் சூப். ஒரு வாரம் ஸ்பூனருக்கு இருமல். அவனுக்குத் தனியாகத் தேன் போட்டுக் கொண்டுபோனாள். பெற்ற பிள்ளைக்குச் செய்வது மாதிரி செய்தாள், மடச்சி.

பிறகு சோதனைக் குழிகள். புல்வெளியை முழுதாகத் தோண்ட மாட்டார்கள். நூற்றில் நான்கு பங்கு தோண்டி, மீதித் தொண்ணூற்றாறு பங்கில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். மேயரின் வட்டத்தின் குறுக்கே முதல் குழி விழுந்தது. சமாதி இல்லை. நிறைய மிட்டாய்க் காகிதங்கள் இருந்தன, மேயருக்குப் பிடித்த பெப்பர்மின்ட் மிட்டாய். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பையில் போட்டு எண் எழுதினார்கள். குழிக்கு மேல் குழி, வெறும் களிமண். ஒன்றும் இல்லையென்று எழுதிவிடுவார்களோ என்று எட்னாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

கடைசிக் குழியில், வேலியோரம், ஸ்பூனர் "ஆஹா!" என்று கத்தினான். மண்ணுக்குள் ஒரு மிருகம் கால்களை மடக்கி, தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது. எலும்பு மட்டும். பக்கத்தில் ஒரு சின்ன மண் கிண்ணம். ரோமானியர் காலம். இரண்டு நாள் பல்லை அளந்து பார்த்துவிட்டு ஸ்பூனர் சொன்னான்: "எட்னாம்மா, இது குதிரை இல்ல. கழுதை! இந்த மாவட்டத்துலயே மொத மொத கெடச்ச ரோமானியக் கழுதை!"

எட்னா குழியோரம் மண்டியிட்டு ஓவென்று அழுதுவிட்டாள். ரோமானியர்களுக்காகத்தான் வேண்டியிருந்தாள், அவர்களோ தங்கள் கழுதையையே அனுப்பி வைத்திருந்தார்கள்.

செய்தி கேட்டு மாவட்டத் தொல்லியல் அதிகாரி டாக்டர் லயனல் ஃபான்ஷா நேரில் வந்தார். உயரமான மனிதர், துடைத்த பூட்ஸ், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஊராருக்கு எலும்பைக் காட்ட ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்தார். ஐஸ்கிரீம் வண்டிகூட வந்தது. கயிறு கட்டி, வரிசையில் நிற்க வைத்து, கழுதை எலும்பின் மகத்துவத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பிக்க, பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் மேயரைத் தடவ ஓடின. பின்னாலேயே தாய்மார்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எலும்பைச் சுற்றி ஃபான்ஷாவும் வரலாற்றுச் சங்கமும்தான் மிச்சம்.

"மிஸஸ் டக்வெல்," என்று அவர் எட்னாவை ஓரமாக அழைத்தார். "உங்க பிராணிய கொஞ்சம் கண்ணுக்கு மறைவா கட்ட முடியுமா? உயிரோட இருக்கிறது ஜனங்க கவனத்தச் சிதறடிக்குது."

"அதுவும் கழுதைதானே டாக்டர்?"

"அதான் பிரச்சன. ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியல."

சரி, நல்ல காரியத்துக்குத்தானே என்று எட்னா மேயரைப் புல்வெளி ஓரத்திலிருந்த கொட்டகைக்குப் பின்னால் கட்டினாள். அவன் அங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தான்.

திட்ட அனுமதிக் குழு கூடும் நாள் நெருங்கியது. பெரில் ஒரு மனு எழுதினாள்: லாங்கிராஃப்டின் தொல்பொருள் முழுமையாகப் பாதுகாக்கப்பட வேண்டும். எட்னா அதை எடுத்துக்கொண்டு மழையில் வீடு வீடாகப் போனாள். மசித்த உருளைக்கிழங்கு தின்று வளர்ந்த ஊர், ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டது.

நகர மன்றத்தில் கூட்டம். எட்னாவுக்குப் பேச மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். எழுந்து நின்றாள். "நான் படிச்சவ இல்ல. அந்த எடத்தப் பாதுகாத்துக் குடுங்க, அவ்ளோதான்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு டாக்டர் ஃபான்ஷா எழுந்தார். கண்ணை மூடினார்.

"தலைவர் அவர்களே! இந்த அவையில் ஒரு சாதாரணப் பெண்மணியின் குரலைக் கேட்டோம். பாதுகாத்துக் கொடுங்கள் என்றார். எளிய மக்கள் வரலாற்றுக்காக இப்படிக் கசிந்துருகுவதை என் முப்பதாண்டுப் பணியில் நான் கண்டதில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும். லாங்கிராஃப்டில் கிடைத்திருப்பது ஒப்பற்ற செல்வம். அது மண்ணுக்குள் யாருக்கும் பயனின்றிக் கிடப்பதை மனசாட்சியுள்ள எவரும் சகிக்க முடியாது. எனவே என் துறை எவ்வித விட்டுக்கொடுத்தலும் இன்றி, முழுமையான பாதுகாப்பைப் பரிந்துரைக்கிறது, அதாவது..."

எட்னா துள்ளி எழுந்து கைதட்டினாள். அவளைப் பார்த்து ஊரே எழுந்து கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர் வாக்கியத்தை முடித்த விதம் அவள் காதில் விழவில்லை. விதர்லோ ஹோம்ஸ் சார்பில் வந்திருந்த மனிதரும் கைதட்டுவதைப் பார்த்தபோதுதான் எட்னாவுக்கு எங்கோ உறுத்தியது.

வாக்கெடுப்பு நடந்தது. வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது.

"பெரில், என்னடி இது? பாதுகாப்புன்னாரேடி!"

பெரில் கோட்டை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பதிவின் மூலம் பாதுகாப்புன்னார்."

"அப்டின்னா?"

"அப்டின்னா... மொத்தத்தையும் தோண்டி எடுத்துருவாங்க. படம் பிடிச்சு, அளந்து, எழுதி வெச்சுருவாங்க. எழுதி வெச்சுட்டா பாதுகாத்தாச்சுன்னு அர்த்தம். அப்புறம் வீடு கட்டிக்கலாம்."

"எடமே இல்லாமப் பண்றதுக்குப் பேரு பாதுகாப்பா?"

"அது அவங்க பாஷை எட்னா."

எட்னா அவள் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உனக்கு இது முன்னமே தெரியுமாடி?"

"வரலாற்றுச் சங்கத்துல எல்லாருக்கும்தான் தெரியும்," என்றாள் பெரில், சலிப்பாக. "என்ன பண்ணச் சொல்ற? எப்டியும் கட்டத்தான் போறான். எதுவும் கெடைக்கலன்னா சும்மா கட்டிட்டுப் போயிருப்பான். இப்ப நமக்கு, ரோமானியக் கழுதை கெடச்ச எடம்னு எழுதி ஒரு பலகை வருது. தெருவுக்கெல்லாம் பேரு வெக்கிற பொறுப்ப என்கிட்ட குடுத்திருக்காங்க. ஒரு தெருவுக்கு 'டாங்கி குளோஸ்'னு வெக்கலாம்னு இருக்கேன். உனக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

"மழைல வீடு வீடா என்ன நாயா அலைய விட்டியே, பாவி!"

"வேற யாரு போனாலும் இவ்ளோ கையெழுத்து கெடச்சிருக்காதுடி," என்றாள் பெரில். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மஞ்சள் இயந்திரங்கள் வந்து புல்லை வழித்து எடுத்தன. கழுதை எலும்பை ஒவ்வொன்றாகத் துடைத்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். அருங்காட்சியகத்தில் இடமில்லை என்று பெட்டிகள் சேமிப்புக் கிடங்குக்குப் போயின. கிடங்கின் தட்பவெப்பம் மாறாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். இந்தச் செலவெல்லாம் யார் தலையில் என்று எட்னா ஸ்பூனரைக் கேட்டாள். "விதர்லோதான். எங்களுக்குச் சம்பளமே அவங்கதானே," என்றான் அவன், இதுகூடத் தெரியாதா என்பது போல. அவள் கொண்டுபோன கேக்கைத் திருப்பி எடுத்து வந்துவிட்டாள்.

மேயருக்கு வேலியோரம் ஒரு துண்டுப் புல் மிஞ்சியது. திங்கட்கிழமை அதையும் அடைக்கப் போவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. எட்னா யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்தாள். ஆளுக்கொரு சாக்கு. கடைசியில் மிருக வைத்தியர், பட்டினியில் நின்று சாவதைவிட மேல் என்று, திங்கள் காலை வந்து முடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். அந்த வாரம் எட்னா எதைத் தொட்டாலும் கைதவறிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபான்ஷாவும் ஸ்பூனரும் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். எட்னாவுக்கு ஒரு கணம் மனம் பொங்கியது. என்ன இருந்தாலும் மனுஷர்கள்தானே.

"மிஸஸ் டக்வெல்," என்றார் ஃபான்ஷா, "இந்த மாவட்டம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. உங்க மேயரோட நெலம பத்தி ஸ்பூனர் சொன்னார். நான் தூங்கல. மேலிடத்துல பேசி, அவனுக்கு ஒரு நிரந்தர இடம் வாங்கியிருக்கேன்."

"நிஜமாவா டாக்டர்?" எட்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "குளிர் தாங்க மாட்டான்..."

"குளிரே கெடையாது. வருஷம் பூரா ஒரே சீதோஷ்ணம். ஈரம் அண்டாது. பாத்துக்க ரெண்டு பேர் இருக்காங்க."

"புல்லு? நல்ல புல்லா இருக்குமா?"

"புல்லா?" என்றார் ஃபான்ஷா.

ஸ்பூனர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"அதாவது," என்று ஃபான்ஷா பொறுமையாக விளக்கினார், "ரோமானியக் கழுதையோட எலும்ப ஒப்பிட்டுப் பாக்க எங்ககிட்ட இந்தக் காலத்துக் கழுதை எலும்பு இல்ல. வயசு தெரிஞ்ச, வரலாறு தெரிஞ்ச ஒண்ணு கெடைக்கிறது அபூர்வம். திங்கக்கிழம வைத்தியர் வராராமே. ஒரே ஒரு வேண்டுகோள். ஊசி போடச் சொல்லுங்க. துப்பாக்கி வேணாம். மண்டையோடு சேதமாயிரும்."

அதற்குள் மேயர், ஆள் வந்தால் மிட்டாய் இருக்கும் என்று கடற்கரையில் பழகிய பழக்கத்தில், ஆடி அசைந்து வந்து ஃபான்ஷாவின் கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தான். அவர் முதலில் பின்வாங்கினார். அப்புறம் துணிந்து அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"அருமை! பல்லு எல்லாமே இருக்கு. ஸ்பூனர், குறிச்சுக்கோங்க."

ஸ்பூனர் குறித்துக்கொண்டான்.

"டெரக்," என்றாள் எட்னா. "நீ இதத் தெரிஞ்சேதான் வந்தியா? என் கையால எத்தன நாளு தின்ன?"

"நீங்கதானேம்மா பாதுகாக்கணும்னு கேட்டீங்க," என்றான் ஸ்பூனர். அவன் கிண்டல் செய்யவில்லை. உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

எட்னா மேயரின் கயிற்றை எடுத்தாள். "வாடா போலாம். இவனுங்க மூஞ்சில முழிக்காத." லாங்கிராஃப்டை விட்டு அசைய மாட்டான் என்று பயந்தாள், ஆனால் அங்கே லாங்கிராஃப்டே இல்லாததாலோ என்னவோ, அவன் பேசாமல் பின்னால் வந்தான். ஊர் நடுத்தெரு வழியாகப் போனார்கள். பெரில் வாசலுக்கு வந்து "எட்னா, எங்கடி போற?" என்று கேட்டாள். எட்னா திரும்பவில்லை. அவள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று, கொல்லைக்குப் போக வேறு வழி கிடையாது. வாசல் கதவைத் திறந்து, கூடத்துக் கம்பளத்தின் மேல் அவனை நடத்தி, சமையலறைக்குக் கூட்டிப் போனாள். கொல்லையில் சிமென்ட் தரையைத் தவிர வேறெதுவும் இல்லை.

அவன் தீனியைத் தொடவில்லை. சனிக்கிழமை காரட் வைத்தாள், ஓட்ஸ் வைத்தாள், கடைக்குப் போய் வைக்கோல் வாங்கி வந்தாள். சுவரைப் பார்த்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை பெப்பர்மின்ட்டை உரித்து நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். எட்னா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். வைத்தியரைக் கூப்பிடவும் மனம் வரவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை.

திங்கள் காலை கதவு தட்டும் சத்தம். ஸ்பூனர் நின்றிருந்தான். காலடியில் மடித்த அட்டைப் பெட்டிகள். கையில் தடிமனாக ஒரு புத்தகம்.

"வைத்தியர் வயலுக்குப் போயிட்டுச் சும்மா திரும்பிட்டாராம்," என்றான். "முடிஞ்சிருச்சாம்மா?"

சமையலறையிலிருந்து மேயர் கத்தினான், மெலிசாக.

"ஓ. இன்னும் இல்ல. பரவால்ல, அவசரமில்ல. காத்துட்டு இருக்கேன். எங்க தொழில்ல காத்திருக்கிறது பழக்கம்தான்." புத்தகத்தை அவள் கையில் கொடுத்தான். "லாங்கிராஃப்ட் அறிக்கை. இன்னைக்குத்தான் அச்சாயி வந்துச்சு. மொதப் பிரதி உங்களுக்குன்னு டாக்டரே சொன்னாரு. எல்லாம் இதுல இருக்கு. இனிமே யாரும் அழிக்க முடியாது."

சொல்லிவிட்டு வாசல் மதில் சுவரில் உட்கார்ந்தான். பெட்டி ஒன்றைப் பிரித்து, அடிப்பக்கத்துக்குப் பசைநாடா ஒட்டினான். தலையைத் தூக்கி, "டீ ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டான்.

எட்னா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சமையலறையில் உட்கார்ந்து அறிக்கையைப் புரட்டினாள். கழுதை எலும்புக்கு நாற்பது பக்கம். லாங்கிராஃப்டின் பழைய படம் ஒன்று, புல்லோடு. படத்தில் மேயர் நின்ற ஓரத்தை வெட்டியிருந்தார்கள். கடைசியில் நன்றியுரை. விதர்லோ ஹோம்ஸின் தாராள மனதுக்கு நன்றி. பெரில் கிரிச்லோவின் வழிகாட்டுதலுக்கு நன்றி. பாதுகாப்புக்காக மக்களைத் திரட்டிய, கேக்குகள் வழங்கிய திருமதி எட்னா டக்வில்லுக்கு நன்றி. பேரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். நிதானமாக, தையல் வரை. கசக்கி எறியக் கையை ஓங்கியபோது தோளுக்குமேல் ஒரு மூச்சு பட்டது. மேயர் கழுத்தை நீட்டி, அவள் விரலிலிருந்து காகிதத்தை மெதுவாக உருவி, மென்றான். கண்ணை மூடி, தாடையை அப்படியும் இப்படியும் ஆட்டி, முழுதாக விழுங்கினான். பிறகு அவள் கையை முட்டினான்.

எட்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை முதலிலிருந்து திறந்தாள். முன்னுரை, டாக்டர் லயனல் ஃபான்ஷா. அதைக் கிழித்து நீட்டினாள். அவன் வாங்கித் தின்றான்.

"மெதுவாடா," என்றாள். "நானூறு பக்கம் இருக்கு."

அடுத்த பக்கத்தைக் கிழித்தாள்.